விபி44-ஐத் தக்கவைப்பதா, பி7100-க்கு மாறுவதா? 24 வால்வு கம்மின்ஸ் டிரக்கின் பம்பு பற்றிய ஒப்பீடு

டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப் டிரக்குகளில் 1998-இன் நடுப்பகுதி முதல் 2002 வரை பொருத்தப்பட்ட 5.9 லிட்டர் 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சின், ஆயிலும் ஃபில்டரும் காலத்தில் மாற்றப்பட்டால் பல லட்சம் மைல் ஓடக்கூடியது. அதற்கு டீசல் கொடுக்கும் பாஷ் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்புக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. அமெரிக்காவில் இன்றும் இந்த வண்டிகளை வைத்துக்கொண்டு குதிரை டிரெய்லரும் வைக்கோல் கட்டும் இழுக்கிறவர்களுக்கு, ஏதோ ஒரு நாள் நெடுஞ்சாலையில் வண்டி மூச்சுத் திணறி ஓரத்தில் நின்றுவிடும். பம்பு போய்விட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். அதே விபி44-ஐ மறுசீரமைத்ததாக வாங்கிப் போடுவதா, அதோடு சேர்த்துச் சக்தியையும் கூட்டிக்கொள்வதா, இல்லை மின்னணுச் சங்கதியே வேண்டாம் என்று பழைய 12 வால்வு எஞ்சினின் பி7100 வரிசைப் பம்புக்கு மாறிவிடுவதா என்ற கேள்வி அப்போது எழும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுமை இழுப்பதற்காக வண்டி வைத்திருப்பவர் எந்தப் பம்பைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் பணம் அந்தப் பம்புக்கு டீசல் கொண்டுவரும் பாதைக்குத்தான் போக வேண்டும். ஏன் என்பதை விளக்கவே மற்ற ஒப்பீடுகள் எல்லாம்.

இந்த எஞ்சின் குடும்பம் 1989-இல் டாட்ஜ் டிரக்குக்கு வந்தபோது அதில் இருந்தது பாஷ் விஇ என்ற சுழல் பம்பு. 1994-இல் அந்த இடத்தைப் பி7100 என்ற கனத்த வரிசைப் பம்பு பிடித்தது. 1998-இல் அமெரிக்கக் கனரக டீசல் எஞ்சின்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 5 கிராமிலிருந்து 4 கிராமாகக் குறைந்தது. ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு சுமைக்கும் இன்ஜெக்‌ஷன் டைமிங்கை (டீசல் சிலிண்டருக்குள் பீச்சப்படும் தருணத்தை) மாற்றிக்கொள்ளும் திறன் இல்லாமல் அந்த வரம்புக்குள் நின்றுகொண்டே சக்தியையும் கூட்டுவது கடினமாக இருந்தது. நிலையான டைமிங் கொண்ட பி7100 போய், கணினி சொல்வதைக் கேட்கும் விபி44 வந்ததன் பின்னணி இதுதான். 2003-இல், எல்லா சிலிண்டருக்கும் வேண்டிய டீசலை ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் தேக்கிவைக்கும் காமன் ரயில் அமைப்பும் அதன் சிபி3 பம்பும் வந்து அதையும் ஓய்வுக்கு அனுப்பின. ஆகவே விபி44 நான்கரை ஆண்டுக் காலத்துக்கான இடைப்பட்ட ஏற்பாடு என்றாலும், அதை மட்டமான பம்பு என்று ஒதுக்குவது நியாயமாகாது. 12 வால்வு எஞ்சின் கடைசி ஆண்டுகளில் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 180, மேனுவல் வண்டிக்கு 215 குதிரைத்திறன் கொடுத்தது. 24 வால்வு எஞ்சின் தொடக்கத்திலேயே முறையே 215-உம் 235-உம் கொடுத்தது. 2001-இல் வந்த ஆறு கியர் உயர்திறன் வகை 245 குதிரைத்திறனையும் 505 பவுண்டு-அடி முறுக்குவிசையையும் எட்டியது.

இரண்டு பம்புகளின் உள்ளமைப்பும் அடிப்படையிலேயே வேறு. பி7100-இல் ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி எலிமென்ட் உண்டு. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆறு பிளஞ்சர்கள் வரிசையாக நிற்க, அவற்றைக் கீழிருந்து ஒரு கேம் தண்டு உயர்த்துகிறது. அந்தத் தண்டுக்கும் டேப்பெட்டுகளுக்கும் உயவு கொடுப்பது எஞ்சின் ஆயில். விபி44-இல் ஒரே ஒரு ரோட்டார் தலைதான் ஆறு சிலிண்டருக்கும் முறைவைத்து டீசலை அழுத்தி அனுப்புகிறது. எவ்வளவு டீசல் என்பதை மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலினாய்டு வால்வும், எப்போது என்பதை ஒரு டைமிங் பிஸ்டனும் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு ஆணையிடும் மின்னணுப் பெட்டி பம்பின் தலையிலேயே, எஞ்சின் சூட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுக்கூட வராது. உயவும் குளிர்ச்சியும் முழுக்க முழுக்க டீசலிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அதனால்தான் பம்புக்குள் நுழையும் டீசலில் பெரும்பகுதி எரிக்கப்படாமல் உள்ளே சுற்றிக் குளிரவைத்துவிட்டு டேங்குக்கே திரும்புகிறது.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரியோடு பழகியவர்களுக்கு வரிசைப் பம்பு புதிதில்லை. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து டாடா லாரிகளில் ஓடிய 5.9 லிட்டர் எஞ்சினும் இதே பி வரிசைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எலிமென்ட், டெலிவரி வால்வு, சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்று அங்கே பம்புக் கடைகளில் புழங்கும் சொற்கள் அப்படியே பி7100-க்கும் பொருந்தும். திறந்து பார்த்து, தேய்ந்ததை மாற்றி, பெஞ்சில் அளந்து பூட்டக்கூடிய பம்பு அது. அந்த எளிமையின் மீதுள்ள நம்பிக்கைதான் அமெரிக்காவிலும் பலரைப் பழைய பம்பை நோக்கி இழுக்கிறது. அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது.

ஆனால் விபி44 ஏன் சாகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதைக் கைவிடுவது தவறு. தொழிற்சாலையில் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் டேங்கிலிருந்து விபி44 வரை டீசலைக் கொண்டுவர ஒரு சிறிய மின்சார ஃபீட் பம்பை வைத்தார்கள். டீசல் பம்புகள் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோடை. டேங்கிலிருந்து அவ்வளவு தூரம் உறிஞ்சிக்கொண்டு, எஞ்சின் அதிர்வையும் தாங்கிக்கொண்டு ஓடிய அந்தச் சிறு பம்பு பல வண்டிகளில் சத்தமின்றிச் செத்தது. அதன் பிறகும் வண்டி ஓடியதுதான் விபரீதம். விபி44-க்குள்ளேயே, சுழலும் தகடுகளால் டீசலை இழுக்கும் ஒரு சிறு பம்பு இருப்பதால், முன்னால் தள்ளிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டாலும் அது தானே இழுத்து எஞ்சினை ஓட்டிவிடும். எரிப்பதற்கு வேண்டிய டீசல் கிடைத்துவிடும். குளிரவைத்துத் திரும்ப வேண்டிய டீசல் கிடைக்காது. பம்பிலிருந்து திரும்பும் வழியில் உள்ள வால்வு ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு) அழுத்தத்தில்தான் திறக்கும் என்பதால், ஃபீட் அழுத்தம் குறையக் குறைய உள்சுற்றோட்டம் நலிகிறது. ஓட்டுநருக்கு எதுவும் தெரிவதில்லை; டாஷ்போர்டில் ஃபீட் அழுத்தம் காட்டும் மீட்டரும் கிடையாது. சில ஆயிரம் மைல் கழித்து, மேட்டில் சுமையோடு ஏறும்போதோ, வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதோ விலையுயர்ந்த பம்பு கைவிடுகிறது. அதை மட்டும் மாற்றிவிட்டு அரைகுறையாய் ஓடும் ஃபீட் பம்பை அப்படியே விட்டவர், புதுப் பம்பையும் அதே வழியில் அனுப்பிவைக்கிறார்.

எனவே பணம் எடுக்குமுன் அளக்க வேண்டும். விபி44-இன் நுழைவாயில் அருகே, ஃபில்டருக்குப் பின்னால் ஒரு அழுத்தமானியைப் பொருத்தி, நின்ற நிலையில் மட்டும் பார்க்காமல் சுமையோடு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் பார்க்க வேண்டும். எந்த நிலையிலும் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது. வண்டிக் கணினி பதிந்துவைக்கும் பிழைக்குறிகளையும் படிக்க வேண்டும். பி0216 வந்தால் டைமிங் பிஸ்டன் தேய்ந்து, கணினி கேட்ட டைமிங்கைப் பம்பால் எட்ட முடியவில்லை என்று பொருள். உட்புறம் தேய்ந்துவிட்ட பம்புக்கு அதுவே பெரும்பாலும் கடைசிச் சீட்டு. பி1688 பம்பின் தலையில் இருக்கும் மின்னணுப் பெட்டியின் உட்பழுதைச் சொல்கிறது. பி1689 வந்தால் எஞ்சின் கணினிக்கும் பம்புக்கும் பேச்சுவார்த்தை அறுந்திருக்கிறது. அதற்குக் காரணம் பம்பாகவும் இருக்கலாம், பம்புக்கு மின்சாரம் தரும் ரிலேயாகவோ துருப்பிடித்த எர்த்தாகவோ வலுவிழந்த பேட்டரியாகவோ இருக்கலாம். மிதித்தும் சில கணம் எஞ்சின் அசையாமல் இருப்பதைப் பார்த்ததும் பம்பு மேல் பழி போடுவது வழக்கம். அந்தக் குறை பல வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலோடு இணைந்த சென்சாரிலிருந்து வருகிறது. நல்ல பம்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதே குறையோடு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவது மிக வேதனையான செலவு.

பம்புதான் குற்றவாளி என்று உறுதியானால், முதல் வழி மறுசீரமைத்த விபி44. அதன் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், பழைய பம்பைத் திருப்பித் தரும்வரை பிடித்துவைக்கும் முன்பணமும் சேரும். இங்கே விலை வித்தியாசத்தைவிட வேலையின் தரம் முக்கியம். பம்பை முழுவதுமாகப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, பாஷ் 815 சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து, அந்தப் பம்புக்கே உரிய சோதனைத் தாளைத் தருகிறவரிடம் வாங்க வேண்டும். தலையில் உள்ள மின்னணுப் பெட்டி புதியதா, பழையதையே சரிபார்த்து வைத்ததா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஏனென்றால் இயந்திரப் பகுதியை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் பல ஆண்டு சூடேறி ஆறிய சால்டர் இணைப்புகள் விரிந்துவிட்டால் வண்டி நடுவழியில் அணைந்துவிடும். ஃபீட் அழுத்தம் இவ்வளவு இருந்தது என்று நிரூபித்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்ற நிபந்தனையைச் சில விற்பனையாளர்கள் விதிக்கிறார்கள். அதைக் கேட்டு எரிச்சல்படத் தேவையில்லை. பம்பு எதனால் சாகிறது என்று அறிந்தவர் போடும் நிபந்தனை அது. உடைப்புக்குப் போன வண்டியிலிருந்து எடுத்த பழைய விபி44-ஐக் குறைந்த விலைக்கு வாங்கிப் போடுவதை ஒரு வழியாகவே நான் கருதவில்லை.

இந்த வழியில் போகிறவர் பம்போடு சேர்த்தே செய்ய வேண்டியது ஃபீட் லைன் மாற்றம். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் பம்பை நீக்கிவிட்டு, டேங்குக்கு அருகில் சட்டத்தில் பொருத்தும் ஃபாஸ், ஏர்டாக் போன்ற தனிப் பம்புகளைப் போட்டால் உறிஞ்சும் தூரம் குறைந்து தள்ளும் தூரம் கூடுகிறது. அவை டீசலில் கலந்துள்ள காற்றையும் நீரையும் பிரித்துவிடுகின்றன என்பது கூடுதல் நன்மை. நின்ற நிலையில் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை வைத்துக்கொண்டால் முழுச் சுமையிலும் 10-க்கு மேல் தாராளமாக நிற்கும். பழைய குழாயின் வளைவுகளில் இருக்கும் துளைபோட்ட பான்ஜோ போல்ட்டுகள் ஓட்டத்தைக் குறுக்கிவிடுவதால், பெரிய பம்பு போட்டுவிட்டுப் பழைய போல்ட்டுகளையே வைத்துக்கொள்வதில் பயனில்லை. அரை அங்குலக் குழாயும் அகன்ற இணைப்புகளும் வேண்டும். ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் அழுத்தமானி நிரந்தரமாக இருக்க வேண்டும். கேபினுக்குள் நேரடியாக டீசல் குழாயைக் கொண்டுவந்து மீட்டரில் இணைப்பது தீ அபாயம். மின்சார சென்சார் வழியாகக் காட்டும் மீட்டரே தக்கது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் எரியும் சிவப்பு விளக்கு இன்னும் நல்லது, ஏனென்றால் டிரெய்லரோடு மலை ஏறும்போது யாரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

டீசலின் வழவழப்பும் இங்கே பேச வேண்டிய விஷயம். விபி44 வடிவமைக்கப்பட்ட காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலை டீசலில் கந்தகம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை இருக்க இடமிருந்தது. 2006 முதல் அது 15 பிபிஎம் ஆனது. கந்தகத்தை நீக்கும் முறையே இயல்பான வழவழப்பையும் எடுத்துவிடுகிறது; அதைச் சேர்க்கைப் பொருட்களால் ஈடுகட்டுகிறார்கள். அமெரிக்கத் தர அளவு, தேய்மானச் சோதனையில் 520 மைக்ரான் தழும்பு வரை அனுமதிக்கிறது. எஞ்சின் தயாரிப்பாளர்களோ 460-க்குள் இருப்பதையே விரும்புகிறார்கள். டீசலையே உயவாக நம்பியிருக்கும் பம்புக்கு இந்த வேறுபாடு சிறியதில்லை. 2 விழுக்காடு பயோடீசல் கலப்பதே வழவழப்பைக் கணிசமாக மீட்டுத் தரும். எஞ்சின் ஆயிலில் மிதக்கும் பி7100-இன் கீழ்ப்பகுதிக்கு இந்தக் கவலை மிகக் குறைவு, பிளஞ்சர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

சக்தி வேண்டுமென்றால் விபி44-ஐ வைத்துக்கொண்டே எவ்வளவு தூரம் போகலாம்? பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமான தூரம் போகலாம். மோட்டார் ஹோம்களுக்கான 275 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து வந்த ஆர்வி275 இன்ஜெக்டர்கள் இந்த எஞ்சினுக்கு அப்படியே பொருந்தும். பம்பின் மின்னணுவைத் தொடாமல் மிதமான சக்தி கூடுவதற்கு அதைவிட அடக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் எஞ்சின் கணினிக்கும் பம்புக்கும் நடுவே செய்தியை மாற்றிவிடும் டியூனர் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தகவல் கம்பிகளில் மட்டும் வேலை செய்து எவ்வளவு டீசல், எந்த டைமிங் என்ற கட்டளையை மாற்றுவது. மற்றது, பம்பின் சோலினாய்டுக்குப் போகும் கம்பியையே குத்தி ஒட்டிக்கொண்டு, சோலினாய்டு மூடியிருக்கும் நேரத்தை நீட்டிப்பது. இரண்டாவது வகை அதிகச் சக்தி தரும். அதே சமயம் பம்பின் தலையில் உள்ள பெட்டியை நேரடியாக வருத்தும், மறுசீரமைப்பாளரின் உத்தரவாதத்தையும் பெரும்பாலும் முறித்துவிடும். நம்பகத்தன்மை முதலாவது என்று சொல்கிறவர் அந்தக் கம்பியைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சக்தி கூடும்போது பம்புக்கு வெளியே உள்ளவையும் பதில் சொல்ல வேண்டும். அலுமினிய பிஸ்டன்கள் தொடர்ச்சியாகத் தாங்கும் புகைச் சூடு ஏறத்தாழ 1,250 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 680 செல்சியஸ்) என்று வைத்துக்கொண்டு, அதைக் காட்டும் மீட்டர் இல்லாமல் எந்தப் பெட்டியையும் பூட்டக் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இருக்கும் 47ஆர்இ கியர்பாக்ஸில், எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் தொழிற்சாலைச் சக்திக்கு மேல் கொஞ்சம் ஏறினாலே வழுக்கத் தொடங்கும். எஞ்சினில் 80 குதிரைத்திறன் கூட்டிவிட்டுக் கியர்பாக்ஸில் அதைச் சூடாக்கி இழப்பவர்கள் பலர். ஐந்து கியர் மேனுவல் வண்டியில் கிளட்ச்சும், ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் கடைசி நட்டும் பார்க்கப்பட வேண்டியவை.

இனி பி7100. 24 வால்வு எஞ்சினில் இதைப் பூட்டுவது அமெரிக்காவில் பழகிப்போன மாற்றம்தான், அதற்கான உதிரித் தொகுப்புகளும் கிடைக்கின்றன. பம்பின் மேல் ஆணையிடும் கணினி இல்லை என்பதால் சென்சார் பழுது, கம்பிப் பழுது, பெட்டிப் பழுது என்ற ஒரு முழு வரிசைக் கவலை நீங்குகிறது. டீசலும் சுழற்சியும், எஞ்சினை அணைக்கும் சோலினாய்டும் சரியாக இருந்தால் எஞ்சின் ஓடும். சக்தியின் உச்சமும் வேறு: டெலிவரி வால்வு, ஃபியூயல் பிளேட், கவர்னர் ஸ்பிரிங் என்று திருகிக்கொண்டே போகலாம், தொழிற்சாலைக் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றினால் சுழற்சி வரம்பு நிமிடத்துக்கு 4,000 வரை உயரும், அதற்கு முன் வால்வு ஸ்பிரிங்குகளையும் வலுவாக்க வேண்டும். இழுவைப் போட்டிக்குப் போகிற 24 வால்வு எஞ்சின்களில் இந்தப் பம்பு இடம்பிடித்ததற்கு இதுவே காரணம். 24 வால்வு சிலிண்டர் தலையின் நல்ல காற்றோட்டமும் 12 வால்வுப் பம்பின் முரட்டு உடம்பும் ஒன்றாகச் சேரும்போது கிடைப்பது உண்மையிலேயே மதிக்கத்தக்க எஞ்சின்.

ஆனால் இதைப் பம்பு மாற்றம் என்று அழைப்பதே வேலையின் அளவை மறைக்கிறது. முன்பக்க கியர் உறை மாற வேண்டும். பம்பு கியர் மாற வேண்டும். ஆறு உயர் அழுத்தக் குழாய்களும் இந்தச் சேர்க்கைக்கென்றே வளைத்தவையாக இருக்க வேண்டும். பெடலிலிருந்து பம்பின் லீவர் வரை கேபிள் அமைப்பு வேண்டும். அணைக்கும் சோலினாய்டுக்கு மின் இணைப்பு வேண்டும். விபி44-க்கு 15 பிஎஸ்ஐ ஊட்டிய ஃபீட் பம்பு இதற்குப் போதாது, ஏறத்தாழ அதன் இருமடங்கு அழுத்தம் வேண்டும். விபி44 வண்டியில் குரூஸ் கன்ட்ரோல் பம்பு வழியாகவே வேலை செய்ததால் அது போய்விடும், மீண்டும் வேண்டுமென்றால் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். கணினி தன் பம்பைக் காணவில்லை என்று பிழைவிளக்கை ஏற்றும். எல்லாவற்றையும்விடத் தொல்லையானது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: 47ஆர்இ எப்போது கியர் மாற்றுவது, எப்போது கன்வெர்ட்டரைப் பூட்டுவது என்பதைக் கணினிதான் ஆக்சிலரேட்டர் நிலையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. அந்தச் செய்தியைத் தொடர்ந்து கொடுக்கவோ, தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைக்கவோ வேண்டும். மேனுவல் வண்டிக்காரர் இந்த ஒரு தலைவலியிலிருந்து தப்பிக்கிறார். ஆகும் செலவு மறுசீரமைத்த விபி44-உம் நல்ல ஃபீட் அமைப்பும் சேர்ந்த தொகையைவிடப் பல மடங்கு. அன்றாட ஓட்டத்திலும் சிறு இழப்பு உண்டு: டைமிங் ஒரே இடத்தில் நிற்பதால் சக்திக்காக முன்னேற்றி வைத்தவர் குளிர்காலக் காலையில் வெண்புகையையும் தட்டல் சத்தத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கும். கலிஃபோர்னியாவில் 2010 முதல், 14,000 பவுண்டு வரை மொத்த எடை கொண்ட 1998-உம் அதற்குப் பிந்தையதுமான டீசல் வண்டிகள் ஸ்மாக் (புகை மாசு) சோதனைக்குப் போயாக வேண்டும். தொழிற்சாலைப் பம்பு இருந்த இடத்தில் வேறு பம்பு இருப்பதைக் கண்ணால் பார்த்தே சோதனையாளர் நிராகரிப்பார். கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கலைப்பதை எந்த மாநிலத்திலும் அனுமதிக்கவில்லை. போட்டிக்கும் வயலுக்கும் மட்டும் போகிற வண்டிக்கும் தினமும் சாலையில் ஓடுகிற வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை உரிமையாளர் தானே நேர்மையாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

இதைவிட முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி பலருக்குத் தோன்றுவதே இல்லை: இந்தச் செலவைத் தாங்கும் பிளாக்தானா இது? 1999 முதல் 2001 வரையிலான சில எஞ்சின்களின் பிளாக்கில் '53' என்ற எண் வார்த்திருக்கும். பக்கவாட்டுத் தண்ணீர் உறையின் சுவர் அவற்றில் மெல்லியதாக அமைந்து, நீளவாக்கில் விரிசல் விட்டுக் குளிர்நீர் கசிவது பரவலாக அறியப்பட்ட குறை. எல்லா 53 பிளாக்கும் வெடிப்பதில்லை. தொழிற்சாலைச் சக்தியில் நிதானமாக ஓடி முதுமை அடைந்தவையும் நிறைய. ஆனாலும் அந்த எண்ணைக் கண்டவர் அதன் மேல் பி7100-இன் முழுச் செலவையும் அடுக்கக் கூடாது. பணத்தைச் சேர்த்துவைத்து, நல்ல பிளாக் கிடைக்கும்போது மொத்தமாகச் செய்வதே முறை. அந்த நிலையில் முழு 12 வால்வு எஞ்சினையே எடுத்து வைப்பதும் யோசிக்கத் தகுந்தது. பம்பு, கியர் உறை, குழாய் எல்லாம் தம் இடத்திலேயே இருக்கும். காமன் ரயிலுக்கு மாற்றுவது பற்றிச் சிலர் பேசுகிறார்கள். கம்பிக்கட்டு, கணினி, தலை என்று எல்லாவற்றையும் மாற்றுவதற்குப் பதில் 2003-க்குப் பிந்தைய வண்டியையே வாங்கிவிடலாம்.

ஆகவே நான் பிரித்துப் பார்ப்பது இப்படி. வண்டி ஆட்டோமேட்டிக், தினமும் ஓடுகிறது, வாரக் கடைசியில் டிரெய்லர் இழுக்கிறது என்றால், சோதனைத் தாளோடு வந்த விபி44, டேங்கருகே வைத்த ஃபீட் பம்பு, அகன்ற குழாய், கண்ணெதிரே ஒரு மீட்டர், விருப்பமிருந்தால் ஆர்வி275 இன்ஜெக்டர்கள். இந்தச் சேர்க்கையில் ஓடும் விபி44 பலரும் நினைப்பதைவிட நீண்ட காலம் உழைக்கும். வண்டி மேனுவல், பிளாக் நல்லது, மாநிலச் சட்டம் இடம்கொடுக்கிறது, உரிமையாளர் தன் கையாலேயே வேலை செய்கிறவர், 400 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும் என்று உண்மையான தேவை உண்டு என்றால் பி7100 தயக்கமில்லாத தேர்வு. இரண்டாவதாக ஒரு விபி44 சாகும்போது வரும் கோபத்தில் பி7100-க்குத் தாவுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. அந்த இரண்டாவது பம்பின் ஃபீட் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. ஃபீட் லைனைக் கவனிக்காத அதே கை, பி7100-ஐயும் டீசல் போதாமல் ஓட்டும். அது சாகாது என்பது உண்மை, ஆனால் வாங்கிய சக்தியைத் தராது.

எந்த முடிவானாலும் வேலை நடக்கும் நாளில் விட்டுவிடக் கூடாத சில உண்டு. விபி44-இன் தண்டில் பதிந்து கியரின் நிலையை நிர்ணயிக்கும் சாவி என்ற சிறு உலோகத் துண்டுக்கு ஒரு மூன்றிலக்க எண் உண்டு. அது பம்பின் தகட்டில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். டைமிங் அந்தச் சாவியின் விலகலில்தான் அமைக்கப்பட்டிருக்கிறது, எனவே பழைய பம்பின் சாவியைப் புதுப் பம்பில் போடுவது பெரும்பிழை. முன்பக்க மூடி வழியாக வேலை செய்யும்போது அந்தச் சாவி கைநழுவிக் கியர் உறைக்குள் விழாமலிருக்க அடியில் துணி அடைத்துக்கொள்ள வேண்டும். தண்டின் கூம்பையும் கியரின் உட்புறத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக் காயவைக்க வேண்டும். பிசுக்கோடு முறுக்கினால் கியர் வழுக்கி டைமிங் நகர்ந்துவிடும். பி7100-க்காகக் கியர் உறையைக் கழற்றுகிறவர், அதைப் பிளாக்கில் இடம்காட்டும் சிறிய எஃகு முளையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த முளை காலப்போக்கில் அதிர்வில் நழுவி வெளியேறி, கியர்களுக்கு நடுவே விழுந்து முன்பக்கம் முழுவதையும் நொறுக்கிய எஞ்சின்கள் இந்தக் குடும்பத்தில் நிறைய. அதன் மேல் ஒரு சிறு தகட்டைப் பூட்டி அடைத்துவிட்டால் போதும். பிறகு ஃபீட் பம்பை ஓடவிட்டுக் குறைந்த அழுத்தப் பக்கக் காற்றை வெளியேற்றி, உயர் அழுத்தக் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரை முப்பது விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாமல் இடைவெளி விட்டு விட்டுச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசல் வரும்வரை பொறுமையாகக் காற்று எடுக்க வேண்டும். எஞ்சின் பிடித்து நிதானமானதும் ஃபீட் அழுத்தத்தை நின்ற நிலையிலும் சுமையிலும் அளந்து, தேதியும் மைல் கணக்கும் சேர்த்து வண்டிப் புத்தகத்தில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அந்த எண் 3 பிஎஸ்ஐ குறையும்போது ஃபில்டரை மாற்றும் நேரமா, ஃபீட் பம்பைப் பார்க்கும் நேரமா என்று பம்பு சாவதற்கு முன்பே தெரிந்துவிடும்.